செயின்ட் கில்டாவில் கால் வைக்கலாமா, கூடாதா?

கிளாஸ்கோ குமரன்:
வர்ற ஜூன்ல செயின்ட் கில்டா போகலாம்னு இருக்கேன். ஸ்காட்லாந்துக்கு மேற்கே, நார்த் யூயிஸ்ட் தீவிலிருந்து சுமார் 64 கி.மீ. தள்ளி அட்லாண்டிக் நடுவுல கிடக்கிற தீவுக்கூட்டம். 1930 ஆகஸ்ட் 29 அன்னைக்கு கடைசி 36 பேரும் கப்பலேறிப் போயிட்டாங்க, அதோட ஊர் முடிஞ்சுது. இப்போ பஃபின், கேனட், ஃபுல்மர்னு கடல்பறவைங்க, அப்புறம் சோய்ங்கிற இன ஆடுங்கதான். ஹாரிஸ் தீவுல லெவர்பர்க்கிலிருந்து அங்க பன்னிரண்டு பேர் ஏறுற சின்னப் படகு இருக்கு. இதை நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவுல சொன்னதும் ஒருத்தர் "மனுஷனே காலி பண்ண இடம், அதையும் விட மாட்டியா?"ன்னு திட்டிட்டார். போறது அவ்வளவு பெரிய பாவமா?

பனங்காடை:
திட்டினவர் பக்கம்தான் நானும். பஃபின் வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை, அதுவும் மண்ணுக்குள்ள வளை தோண்டி இடும். குஞ்சு வளர்ந்து தானே முட்டையிட அஞ்சு வருஷம் ஆகும். இந்த வேகத்துல பெருகுற பறவைக்கு ஒரு சின்ன அடியே பெரிய அடி. போதாததுக்குப் பறவைக் காய்ச்சல் வேற வந்துட்டுப் போச்சு. 2023 கணக்கெடுப்புப்படி பிரிட்டனில் கிரேட் ஸ்குவாங்கிற கடல்பறவை 76 சதவீதம் குறைஞ்சிருக்கு. கேனட் 25 சதவீதம். இந்த நேரத்துல சுற்றுலாவா?

கிளாஸ்கோ குமரன்:
காய்ச்சலைக் கொண்டுவந்தது சுற்றுலாப் பயணி இல்லையே, பறவைதானே பறவைக்குக் கொடுத்தது? வளை விஷயமும் அப்படித்தான். பஃபின் அதிகமா இருக்கிறது டுன் தீவுல. படகு ஆளை இறக்குறது ஊர் இருந்த பெரிய தீவு ஹிர்ட்டாவுல. நடுவுல கடல் ஓடுது. என் பூட்ஸ் எந்த வளையை மிதிக்கப் போகுது?

பனங்காடை:
பஃபினுக்குச் சரி. ஸ்குவா எங்க கூடு வைக்குது? ஹிர்ட்டாவோட திறந்த புல்வெளியில, வெறும் தரையில. மலையேறிக் கோனகெய்ர் பாறையைப் பார்க்கப் போறவங்க அந்தப் பக்கம்தான் நடக்கிறாங்க. அது தலைக்கு மேல பாய்ஞ்சு வந்தா எல்லாரும் சிரிச்சுக்கிட்டே வீடியோ எடுக்கிறாங்க. அது விளையாட்டுக்குப் பாயல, சார். கூட்டை விட்டு எழுந்து பாயுது, அந்நேரம் முட்டை குளிர்ந்துக்கிட்டிருக்கும்.

உப்புக்காத்து:
ரெண்டு பேரும் எலியை மறந்துட்டீங்க. நான் தூத்துக்குடிக்காரன், படகுல பிறந்து வளர்ந்தவன். எலி இல்லாத படகை நான் பார்த்ததில்லை. வளையில முட்டையிடுற பறவைத் தீவுல சினையா ஒரே ஒரு எலி இறங்கினா போதும், கதை முடிஞ்சுது. ஸ்காட்லாந்தோட ஷியண்ட் தீவுகள்ல கருப்பெலியை ஒழிக்க 2015-16 குளிர்காலம் முழுக்க விஷம் வச்சாங்க. எலி இல்லைன்னு அறிவிக்க 2018 ஆச்சு.

கிளாஸ்கோ குமரன்:
அண்ணே, அதுக்கும் கணக்கு இருக்கு. செயின்ட் கில்டாவுல எலி பயம் பெருசா கிளம்பினது 2008 பிப்ரவரியில. ஒரு மீன்பிடிக் கப்பல் ஹிர்ட்டாவோட கிராம விரிகுடாவுல பாறையில மோதி நின்னுது, உடனே எலிக்குப் பொறியும் விஷமும் வச்சாங்க. அது சுற்றுலாப் படகு இல்ல. பயணிகளுக்கு பையைச் சோதி, பூட்ஸைக் கழுவுன்னு விதி இருக்கு. தீவை வச்சிருக்கிற நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்து அமைப்போட காவலர் கரையிலேயே வந்து சொல்லித்தான் விடுறார். 1957லிருந்து அங்க ராணுவ ஏவுகணைக் கண்காணிப்பு நிலையமே இருக்கு, வருஷம் பூரா ஆள் போக வர இருக்காங்க. அவங்க காலுக்குச் சிறகா முளைச்சிருக்கு?

உப்புக்காத்து:
ஒரு கப்பல் மோதினதுக்கே அந்தப் பாடுன்னா படகு எண்ணிக்கை கூடக் கூட என்ன ஆகும்னுதான் நான் கேட்கிறேன் தம்பி. யார் படகுன்னு எலி கேட்காது.

பெர்கன் அக்கா:
நான் நோர்வேயில இருக்கிறன். வடதுருவப் பக்கம் இருக்கிற எங்கட ஸ்வல்பார்ட் தீவுகளின்ர கதையையும் கேளுங்கோ. 2018 ஜூலையில வடக்கே ஆளில்லாத ஒரு தீவில, சொகுசுக் கப்பல் பயணிகளை இறக்க முன்னம் கரடி நிக்குதோ எண்டு பார்க்கப் போன காவலாளியைப் பனிக்கரடி தாக்கினது. கரடியைச் சுட்டுப் போட்டினம். அதின்ர இடத்துக்குப் போனது ஆக்கள், செத்தது அது. 2025இல இருந்து சட்டம் இறுக்கம்: பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள்ள 200 பயணிகளுக்கு மேல ஏத்தின கப்பல் போகேலாது, அங்க இறங்கவும் 43 இடம் மட்டும்தான். கரடியிட்ட இருந்து 300 மீட்டர் தள்ளி நிக்கோணும், மார்ச்சில இருந்து ஜூன் முடியும்வரை 500. அப்ப போகவே வேண்டாம் எண்டு அரசாங்கம் சொல்லேல்லை. எங்க, எத்தினை பேர் எண்டுதான் சொல்லியிருக்கு. குமரன் தம்பி போற பன்னிரண்டு பேர் படகும் ஆயிரக்கணக்கில ஆள் ஏத்திற கப்பலும் ஒண்டில்லை, அதையும் பனங்காடை யோசிக்கோணும்.

பனங்காடை:
அக்கா சொல்றது நியாயம். பெரிய கப்பலைத் தடுக்கணும்ங்கிறதுல சண்டையே இல்ல.

கிளாஸ்கோ குமரன்:
இன்னொண்ணு. அந்த ஊர் ஜனங்க நூற்றாண்டுக்கணக்கா ஃபுல்மரையும் கேனட்டையும் பிடிச்சுத் தின்னே வாழ்ந்தாங்க. பறவையை உலர்த்தி வைக்கக் கட்டின கல் குடிசைங்க, கிளீட்னு பேரு, ஆயிரத்துக்கு மேல நிக்குது. அவ்வளவு வேட்டையிலும் கூட்டம் அழியல. நான் போட்டோ எடுத்தா அழிஞ்சிடுமா?

பனங்காடை:
அழியலையா? பிரிட்டன்ல கடைசியாக் கண்ட கிரேட் ஆக், பறக்கத் தெரியாத அந்தப் பறவை, எங்க செத்துது தெரியுமா? இதே தீவுக்கூட்டத்துல, ஸ்டாக் அன் அர்மின் பாறையில, 1840 வாக்கில. பிடிச்ச கில்டாக்காரங்க, புயலைக் கிளப்பின சூனியக்காரி இதுதான்னு அடிச்சே கொன்னாங்க. அந்த வேட்டையை எனக்கு உதாரணமாக் காட்டாதீங்க.

ஆனா உங்க வாயிலேயே ஒரு வழி வந்துது பாருங்க. பஃபின் டுன்ல இருக்கு, கேனட் போரரே தீவுலயும் அதை ஒட்டின கடல்பாறைங்கள்லயும் இருக்கு. எதுலயும் நீங்க இறங்கப் போறதில்ல, படகுலேர்ந்துதான் பார்க்கப் போறீங்க. அப்போ பறவைக்காக ஹிர்ட்டாவுல இறங்கணும்ங்கிறதே பொய். இறங்குறது இடிஞ்ச ஊரைப் பார்க்க. அதை நேரா ஒத்துக்கங்க.

கிளாஸ்கோ குமரன்:
ஒத்துக்கிறதுல என்ன வெட்கம்? அந்தத் தெருவைப் பார்க்கணும்தான். யுனெஸ்கோவே 1986ல இயற்கைக்காகப் பட்டியல்ல சேர்த்துட்டு, 2005ல பண்பாட்டுக்காகவும் சேர்த்திருக்கு. தெருவோட நின்னுக்கிறேன், ஸ்குவா பக்கம் மலையேற மாட்டேன். பஃபினைக் கொல்றது என் கால் இல்ல, கடல் சூடாகிறது. குஞ்சுக்கு ஊட்டுற சாண்ட் ஈல் மீன் கிடைக்கல. அதைப் பிடிக்கிறதை 2024லதான் ஸ்காட்லாந்து தன் கடல் முழுக்கத் தடை பண்ணுச்சு. இதையெல்லாம் நான் தேடிப் படிச்சதே போகணும்னு ஆசை வந்த பிறகுதான்.

பனங்காடை:
படிச்சதுக்கு வாழ்த்துகள். கடல் சூடாகுதுன்னு சொல்லிட்டே டீசல் படகுல ஏறுறீங்க, அதையும் கணக்குல சேர்த்துக்கங்க. மலையேற மாட்டேன்னு நீங்க சொல்றதை நம்புறேன். உங்க போட்டோவைப் பார்த்துட்டு அடுத்த வருஷம் வர்ற ஐம்பது பேருக்கு யார் ஜாமீன்?

பெர்கன் அக்கா:
அதுக்குத்தானே காவலர் இருக்கிறார்? ஜாமீனைத் தம்பியிட்டக் கேட்டா எப்பிடி?

உப்புக்காத்து:
சண்டை இருக்கட்டும். தம்பி, அங்க ஒழுங்கான படகுத்துறை கிடையாது, விரிகுடாவுல நங்கூரம் போட்டு ரப்பர் படகுலதான் கரைக்குக் கொண்டுபோவாங்க. காத்து தென்கிழக்கிலிருந்து அடிச்சா விரிகுடாவுக்குள்ள நேரா அலை ஏறும், இறக்கவே மாட்டாங்க. ஹாரிஸ்ல ரெண்டு மூணு நாள் கூடுதலா அறை போட்டு வையுங்க. வாந்தி மாத்திரையைப் படகு கிளம்புறதுக்கு முன்னாடியே போட்டுக்கங்க, ஏறின பிறகு போட்டா பிரயோஜனமில்ல.