ஃப்ளைட் போய்விட்டது, தெரியாத ஊர்: ஆன்லைனில் மட்டும் பழகிய தொழில் நண்பரிடம் உதவி கேட்கலாமா?

வரிவடிவம் (கேள்வி)

வணக்கம். நான் ஃப்ரீலான்ஸ் மொழிபெயர்ப்பாளர். எங்கள் துறைக்காரர்கள் கூடும் ஒரு ஆன்லைன் குழுவில் பல வருடமாக இருக்கிறேன். கலைச்சொல் சண்டை, வாடிக்கையாளர் பணம் இழுத்தடிக்கும் புலம்பல், வேலை அதிகமானால் இன்னொருவருக்குக் கைமாற்றி விடுவது, இப்படித்தான் பழக்கம். யாரையும் நேரில் பார்த்தது கிடையாது, சிலருடைய குரலைக்கூடக் கேட்டதில்லை.

சமீபத்தில் ஒரு கருத்தரங்குக்குப் போகும் வழியில் முதல் விமானம் தாமதமாகி, கனெக்டிங் ஃப்ளைட் போய்விட்டது. நள்ளிரவு, கவுன்ட்டரில் நீள வரிசை, அறிவிப்பெல்லாம் எனக்குத் தெரியாத மொழியில். எங்கள் குழுவில் ஒருவர் அதே ஊர்க்காரர், நான் கேட்கும் சந்தேகங்களுக்கெல்லாம் பத்தி பத்தியாகப் பதில் எழுதுகிறவர். அவருக்கு மெசேஜ் டைப் செய்தேன், அழித்தேன், மறுபடி டைப் செய்தேன், கடைசியில் அனுப்பவில்லை. வேலை விஷயமாகப் பழகுகிறவரை நடுராத்திரியில் சொந்தக்காரர் மாதிரி எழுப்புவதா என்று ஒரு கூச்சம். விடிந்த பிறகு எப்படியோ வேறு விமானம் கிடைத்தது, அது வேறு கதை.

அடுத்த மாதம் மறுபடி பயணம் இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன். இந்த மாதிரி நட்பிடம் இதற்கெல்லாம் போய் நிற்கலாமா? உங்களில் யாராவது கேட்டிருக்கிறீர்களா? உங்களிடம் யாராவது கேட்டிருக்கிறார்களா?

ஒற்றைப்பனை

என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பெரிய விமான நிலையம் இருக்கும் ஊரில் குடியிருந்தால் இது தப்பாது. ராத்திரி எழுப்புவது எனக்குத் தொந்தரவே இல்லை. "ஹாய், இருக்கீங்களா?" என்று மட்டும் ஒன்று வந்து, அப்புறம் அரை மணி நேரம் ஒன்றுமே வராமல் இருப்பதுதான் தொந்தரவு. என்ன ஆச்சு, ஏது ஆச்சு என்று நாம் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒழுங்காக வந்த மெசேஜ் ஒன்று சொல்கிறேன். "கவுன்ட்டரில் இந்தத் தாளைக் கொடுத்தார்கள், போட்டோ அனுப்பியிருக்கிறேன். இதில் ஹோட்டல் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் சொல்ல முடியுமா? தூங்கிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள், நானே பார்த்துக்கொள்கிறேன்." தாளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே இருந்த மன்னிப்பு வாசகத்தை ஆப் நன்றாகவே மொழிபெயர்த்திருந்தது. கீழே பொடி எழுத்தில், ரப்பர் ஸ்டாம்புக்கு அடியில், ஹோட்டல் கூப்பன் அடுத்த டெர்மினல் கவுன்ட்டரில் மட்டும்தான் தருவார்கள் என்று இருந்தது. போட்டோவில் அந்த இடம் மங்கல், ஆப்புக்கு எட்டவில்லை. எனக்கு இரண்டு நிமிட வேலை. சொல்லாமல் விட்டிருந்தால் மனிதர் தவறான வரிசையிலேயே விடிய விடிய நின்றிருப்பார்.

அவரும் நானும் கணக்கு மென்பொருள் குழு ஒன்றில் பழக்கம். வருடாந்திரக் கணக்கு முடிக்கும் சமயத்தில் எனக்காக அவர் எத்தனையோ ராத்திரி உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறார். அப்போது நான் கூச்சப்பட்டேனா என்ன? கேளுங்கள் ஐயா. என்ன வேண்டும் என்பதை ஒரே மெசேஜில் சொல்லி, முடியாது என்று சொல்லவும் அவருக்கு வழி விட்டுக் கேளுங்கள்.

டிக்கெட்_மேசை

டிக்கெட் போடுவதுதான் என் தொழில், அதனால் கொஞ்சம் வறட்சியாக எழுதுகிறேன். நண்பரால் எது ஆகும், எது ஆகாது என்று தெரிந்துகொண்டு கேட்டால் இரண்டு பேருக்கும் நல்லது.

உங்களுடையது ஒரே புக்கிங்கா, தனித்தனி டிக்கெட்டா? ஒரே புக்கிங் என்றால் கடைசி ஊர் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்திருந்தால், முதல் விமானம் தாமதமானது இரண்டாவது நிறுவனத்தின் கணக்கிலேயே வராது. நீங்கள் வரவில்லை என்று எழுதிக்கொள்வார்கள், அதே டிக்கெட்டில் இருக்கும் திரும்பும் பயணத்தையும் சேர்த்து ரத்து செய்ய வாய்ப்பு உண்டு. இதை எந்த நண்பராலும் சரி செய்ய முடியாது.

ஆகிற காரியம் வேறு. நீங்கள் வரிசையில் நிற்கும்போது அவர் வீட்டில் உட்கார்ந்து எந்த விமானத்தில் இடம் இருக்கிறது என்று பார்த்து எண்ணோடு அனுப்பலாம். "வேறு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பதற்கும் "இந்த எண் விமானத்தில் இடம் காட்டுகிறது, அதில் மாற்றித் தாருங்கள்" என்று கேட்பதற்கும் கவுன்ட்டரில் கிடைக்கும் பதிலே வேறு. நிறுவனத்தின் உள்ளூர் எண்ணுக்கு உள்ளூர் மொழியில் அவரே போன் போடலாம். பெட்டி வராமல் போனால் கொண்டுவந்து கொடுக்க ஒரு முகவரி கேட்பார்கள், அங்கேயும் உள்ளூர் ஆள் ஒருவர் இருப்பது பெரிய சௌகரியம்.

ஆனால் "வெளியே வாங்க, வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன்" என்று அவர் பாசத்தில் சொன்னாலும் உடனே கிளம்ப முடியாது. இமிக்ரேஷன் தாண்ட விசா வேண்டியிருக்கலாம். சில நாடுகளில், சில பாஸ்போர்ட்டுகளுக்கு, விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் விமானம் மாறுவதற்கே ட்ரான்சிட் விசா கேட்பார்கள்.

இன்னொன்று, பிஎன்ஆர் எண்ணையோ (உங்கள் புக்கிங்கின் ஆறு எழுத்துக் குறியீடு) போர்டிங் பாஸ் படத்தையோ குழுவில் பொதுவாகப் போடாதீர்கள். பல நிறுவனங்களின் தளத்தில் அந்த ஆறு எழுத்தும் உங்கள் குடும்பப் பெயரும் போதும், யார் வேண்டுமானாலும் உள்ளே போய் டிக்கெட்டை மாற்றலாம். ஒருவருக்குத் தனியாக அனுப்புங்கள், அதுவும் தேவைப்பட்டால் மட்டும்.

இரவுக்காவல்

மேலே இருவரும் உள்ளூர் நண்பர்களைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். அந்த ஊரில் இல்லாதவர்களும் உதவுவார்கள். நான் சிஸ்டம் அட்மின், அலுவலகக் கணினிகளைப் பராமரிப்பவன். 2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பழுதான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்துவிட்ட நாள். சில விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் குழுவில் ஒரு அம்மா அன்றைக்குக் குழந்தைகளோடு விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டார். லீவில் போனவர், லேப்டாப்கூடக் கையில் இல்லை. அங்கே ஒலிபெருக்கியில் "சற்றுப் பொறுங்கள், சற்றுப் பொறுங்கள்" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

குழுவிலோ அதற்குள் விஷயம் தெளிவாகிவிட்டது. தவறான அப்டேட்டை ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பப் பெற்றுவிட்டார்கள், அது சரி. ஏற்கெனவே விழுந்துவிட்ட கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆள் போய்த்தான் ஆக வேண்டும், சேஃப் மோடில் (அடிப்படை நிரல்கள் மட்டும் ஓடும் நிலை) திறந்து ஒரு கோப்பை அழிக்க வேண்டும், டிஸ்க் என்க்ரிப்ட் ஆகிப் பூட்டியிருந்தால் அதைத் திறக்கும் ரெகவரி கீ வேறு தேட வேண்டும். எங்களில் பாதிப் பேர் அந்த நேரத்தில் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். ஆயிரக்கணக்கில் கணினி இருக்கும் இடத்தில் இது சில மணி நேரத்தில் முடிகிற வேலை இல்லை என்று எங்களுக்குத் தெரியும். "காத்திருக்காதீங்க, ரயில் பாருங்க" என்று நாலு பேர் ஒரே நேரத்தில் எழுதினோம். மற்றவர்களுக்கு அந்த யோசனை வருவதற்கு முன்பே அவர் ரயிலில் இடம் பிடித்துவிட்டார். சொந்தக்காரர்கள் எத்தனை பேர் போன் செய்திருந்தாலும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

மழை_எறும்பு

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், மறுபக்கத்தை நான் சொல்கிறேன். "வெளிநாட்டில் மாட்டிக்கொண்டேன், பர்ஸ் போய்விட்டது, கொஞ்சம் பணம் அனுப்பு, திரும்பி வந்ததும் தருகிறேன்" என்று தெரிந்தவர் கணக்கிலிருந்தே மெசேஜ் வரும். கணக்கைத் திருடியவன் எழுதுவது அது. பழைய மோசடிதான், இன்னும் ஓடுகிறது. தொழில் நண்பர்கள் இதற்கு வாகாக மாட்டுவார்கள், ஏனென்றால் கருத்தரங்குக்குப் போகிறேன் என்று நாமே ஊருக்கெல்லாம் போஸ்ட் போட்டிருப்போம். பணம் என்ற வார்த்தை வந்தாலே வீடியோ கால், இல்லையென்றால் நீங்கள் இருவரும் சேர்ந்து செய்த வேலையைப் பற்றி ஒரு கேள்வி. நிஜ நண்பர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அதே மாதிரி, விமான நிறுவனத்தைத் திட்டிப் பொதுவில் ட்வீட் போட்டால் சில நிமிடத்தில் "உங்கள் எண்ணைத் தாருங்கள், உதவுகிறோம்" என்று போலி வாடிக்கையாளர் சேவைக் கணக்கு வந்து நிற்கும். நம்பாதீர்கள்.

பெண்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒருவர் எக்செல் நன்றாகப் போடுவார் என்பதாலேயே அவர் வீட்டில் போய்த் தங்க முடியாது. நானென்றால் விமான நிலையத்துக்குள்ளேயே, விளக்கு வெளிச்சத்தில், நாலு பேர் நடமாடும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு போனில் உதவி கேட்பேன்.

ஒற்றைப்பனை

@மழை_எறும்பு, ஒத்துக்கொள்கிறேன் அம்மா. ஒன்று மட்டும். டெபியன் லினக்ஸ் ஆட்களைப் பாருங்கள், உலகெங்கும் இருந்து தன்னார்வமாகச் சேர்ந்து ஒரு இலவச இயங்குதளத்தை உருவாக்குகிறவர்கள். புதிதாக ஒருவர் டெவலப்பர் ஆக வேண்டுமானால் ஏற்கெனவே இருக்கும் டெவலப்பர்கள் அவருடைய டிஜிட்டல் சாவியில் (இவர்தான் அவர் என்று காட்டும் கணினிக் குறியீடு) டிஜிட்டலாகக் கையெழுத்திட வேண்டும், அதற்கு நேரில் சந்தித்து அடையாள அட்டை பார்ப்பதுதான் நெடுங்கால வழக்கம். எந்த ஊரில் யார் கையெழுத்திடத் தயார் என்று பட்டியலே வைத்திருக்கிறார்கள். பயணம் போகிற இடத்தில் சந்தித்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். நம்பிக்கையை இப்படி முன்கூட்டியே உருவாக்கிக்கொள்ளலாம், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆரம்பிக்க வேண்டியதில்லை.

சும்மா_ஒருவன்

இதற்கெல்லாம் தொழில் நட்பே வேண்டாம் என்பேன். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளியில் பெரும்பகுதியை நாள் கணக்கில் மூடி, ஒரு லட்சத்துக்கும் மேல் விமானங்கள் ரத்தானபோது, முன்பின் தெரியாதவர்கள் ட்விட்டரில் ஹாஷ்டேக் போட்டுக் காரில் இடம் பகிர்ந்து எல்லை தாண்டி ஊர் போனார்கள். ஆபத்து என்றால் யாரும் உதவுவார்கள். நெட்வொர்க்கிங் என்று பெயர் வைத்து மனிதர்களைச் சேமித்து வைப்பது எனக்கு ஒவ்வாது.

இரவுக்காவல்

அது உலகமே மாட்டிக்கொண்ட நாள், செய்தியில் வந்தது, அதனால் எல்லோரும் கை கொடுத்தார்கள். நீங்கள் ஒருவர் மட்டும் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி மாட்டினால் ஹாஷ்டேக் வேலை செய்யாது சார். "ஓ, கலைச்சொல் சண்டைக்காரர்தானே" என்று அடையாளம் தெரிந்த ஒருவர் வேண்டும்.

வரிவடிவம்

எல்லோருக்கும் நன்றி. அடுத்த பயணத்தில் விமானம் மாறும் ஊரின் பெயரைப் போட்டு, இந்த நிலையத்தைத் தெரிந்தவர் உண்டா என்று எங்கள் குழுவில் இன்று காலை கேட்டேன். பயணத்துக்கு முன்பே கேட்டதால் கூச்சம் அவ்வளவாக இல்லை. ஒருவர் உடனே எழுதினார்: இரண்டு டெர்மினலுக்கும் நடுவே ஓடும் பேருந்து நள்ளிரவுக்குப் பிறகு நின்றுவிடுமாம், என் விமானம் கொஞ்சம் பிந்தினாலும் டாக்ஸிதானாம். தன் போன் எண்ணையும் கொடுத்து, காலை ஆறு மணிக்கு மேல் என்றால் தாராளமாகக் கூப்பிடுங்கள் என்றார்.

டிக்கெட்_மேசை

அந்த எண்ணைக் காகிதத்திலும் எழுதி வையுங்கள், போன் சார்ஜ் போகும். நிலையத்து வைஃபையை நம்பியும் இருக்காதீர்கள், சில இடங்களில் உள்ளே நுழைய மொபைலுக்கு ஓடிபி அனுப்புவார்கள், ரோமிங் இல்லையென்றால் அது வரவே வராது.