ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது காரில் பால் காபி கொட்டிவிட்டது: ஷாம்பூ போட்டும் வாடை போகவில்லை, வழி சொல்லுங்கள்

கோரிமேடு

வணக்கம். போன வாரம் குடும்பத்தோடு ஏற்காடு போயிருந்தோம். கிளம்பும்போது ஏரிப் பக்கம் ஒரு கடையில் ஃபிளாஸ்க் நிறைய பால் காபி வாங்கினோம். முன் சீட்டில் இருந்த அம்மா அதைக் காலடியில் வைத்திருந்தார்கள். பாதி மலை இறங்கியிருப்போம், ஒரு கொண்டை ஊசி வளைவில் ஃபிளாஸ்க் சாய்ந்து மூடி திறந்துகொண்டது. முக்கால்வாசி காபி கார்பெட்டில். நிறுத்த இடமில்லாததால் அடிவாரம் வந்துதான் டிஷ்யூ பேப்பரும் பழைய துண்டும் வைத்துத் துடைத்தோம்.

மறுநாள் வாட்டர் வாஷ் கடையில் விட்டேன். உள்ளே ஷாம்பூ போட்டு, வேக்கூம் பிடித்து, சென்ட் அடித்துக் கொடுத்தார்கள். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. ஒன்றிரண்டு நாளில் வாடை ஆரம்பித்துவிட்டது. காபி வாடை என்றால்கூடப் பரவாயில்லை, இது ஊசிப்போன பால் வாடை. மதிய வெயிலில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தால் குமட்டுகிறது. அம்மா இனி பஸ்ஸிலேயே வருகிறேன் என்கிறார்கள்.

மேலே கறை எதுவும் தெரியவில்லை. கார்பெட்டையே கழற்ற வேண்டுமா, வீட்டிலேயே ஏதாவது செய்ய முடியுமா? பெட்ரோல் ஹேட்ச்பேக் வண்டி, ஐந்து வருடம் ஆகிறது.

தட்டுவடைசெட்

எலுமிச்சம்பழம் பிழிந்து விட்டுத் தேயுங்கள் நண்பரே, எந்த வாடையும் ஓடிவிடும். ஈரம் இருந்தால் ஜவ்வரிசி மாவைத் தூவி ஒரு ராத்திரி விடுங்கள். உறிஞ்சிவிடும். நம்ம ஊரில் ஸ்டார்ச் மாவுக்கா பஞ்சம்!

குகை சீட்கவர்

மேலே சொன்ன இரண்டையும் தயவுசெய்து செய்யாதீர்கள். கொட்டியது கட்டங்காபி என்றால் எலுமிச்சையோ வினிகரோ பரவாயில்லை. பால் கலந்ததில் புளிப்பை ஊற்றினால் பால் திரியும். திரிந்தது நாருக்குள் சின்னச் சின்னக் கட்டியாக உட்கார்ந்துகொண்டால் எடுப்பது இன்னும் கஷ்டம். மாவு கதை அதைவிட மோசம். ஈரத்தோடு உள்ளே இறங்கிய மாவு புளிக்கும். ஆத்தூர் ரோட்டில் சேகோ ஆலைகளைத் தாண்டும்போது ஒரு வாடை வருமே, அதைக் காருக்குள் வைத்துக்கொண்டு ஓட்டுவது போல ஆகிவிடும்.

சீட்கவர், ஃப்ளோர் மேட் வேலை பல வருடமாகச் செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீங்கள் கண்ணால் பார்க்கும் கார்பெட் மெல்லிய நார் விரிப்புதான். அதற்கு அடியில் தடிமனான ஃபெல்ட்டோ ஃபோமோ இருக்கும், சத்தமும் சூடும் உள்ளே வராமல் இருக்க. அதற்கும் கீழேதான் தகரம். கொட்டிய காபி மேல் நாரில் நிற்காது, நேராக ஃபெல்ட்டுக்குப் போய்விடும். மேலே ஷாம்பூ போட்டால் நுரையோடு இன்னும் கொஞ்சம் தண்ணீர் கீழே இறங்கும். அடியில் பாலும் சர்க்கரையும் ஈரமும் சேர்ந்து கிடக்க, மேலே வெயில் சூடு. கிருமிக்கு வேறென்ன வேண்டும்? பால் கொழுப்பு சிதைந்து வருவதுதான் அந்தக் குமட்டல் வாடை.

இன்னொன்றையும் பாருங்கள். வண்டி மலை இறங்கிக்கொண்டிருந்தது என்கிறீர்கள். அப்போது மூக்கு கீழே இருக்கும், காபி பின்னால் ஓடாது, டாஷ்போர்டுக்கு அடியில் கார்பெட் மேலே வளைந்து ஏறும் இடத்துக்குத்தான் ஓடியிருக்கும். வளைவு வலது பக்கம் திரும்பியது என்றால் இடது கதவு ஓரத்துக்கும் போயிருக்கும். அப்புறம் சமதரைக்கு வந்ததும் சீட்டுக்கு அடியில் பரவியிருக்கும். கடையில் நடுவில் மட்டும்தான் தேய்த்திருப்பார்கள். நீங்கள் மூலையையும் ஓரத்தையும் முகர்ந்து பாருங்கள். முகர்வதற்கு வெட்கப்படக் கூடாது, இந்த வேலையில் மூக்குதான் முதல் கருவி.

முழு கார்பெட்டையும் கழற்ற சீட்டு, நடு கன்சோல் எல்லாம் எடுக்க வேண்டும். பெரும்பாலும் அவ்வளவு தூரம் தேவைப்படாது. இடது பக்கக் கதவுப் படியில் நீளமான பிளாஸ்டிக் பட்டை இருக்கும். அது கிளிப்பில்தான் நிற்கும், ஒரு ஓரத்திலிருந்து நிதானமாக மேலே தூக்கினால் வந்துவிடும். முன்னால் காலடி ஓரத்துப் பிளாஸ்டிக் மூடியையும் எடுத்தால் கார்பெட்டை மடித்துத் தூக்கலாம். தூக்கிய இடத்தில் ஒரு மரக்கட்டையோ தண்ணீர் பாட்டிலோ முட்டுக் கொடுங்கள்.

பட்டைக்கு அடியில் ஒயர் கட்டு போகும், இழுத்துவிடாதீர்கள். முன் சீட்டுக்குக் கீழே மஞ்சள் நிற கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக், சீட் பெல்ட் சம்பந்தப்பட்டது. அதில் கை வைக்கவே வேண்டாம். சீட்டை முன்னும் பின்னும் தள்ளியே வேலையை முடிக்கலாம். சீட்டைக் கழற்றித்தான் ஆகவேண்டும் என்றால் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். கனெக்டர் கழன்ற நிலையில் சாவி போட்டால் ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பித்துவிடும், அப்புறம் ஸ்கேனர் வைத்து அழிக்க வேண்டியிருக்கும்.

இனி கழுவுவது. முதலில் பச்சைத் தண்ணீர். கொதிக்கிற தண்ணீர் கூடாது. கொட்டியதே சூடான காபிதானே என்று கேட்பீர்கள். அது இறங்கியதும் ஆறிவிட்டது. இப்போது வெந்நீர் ஊற்றினால் பாலின் புரதம் நாரில் இறுகும், அடியில் இருக்கும் பசையும் விட்டுப்போகும். வாளியோடு ஊற்றக் கூடாது, ஸ்ப்ரே பாட்டிலில் அடித்து, துண்டை வைத்து அழுத்தி அழுத்தி எடுங்கள். தேய்த்தால் கீழேதான் போகும்.

அப்புறம் என்சைம் உள்ள சலவை லிக்விட். லேபிளில் என்சைம் என்று போட்டிருக்கும். புரதத்தை ஒன்று உடைக்கும், கொழுப்பை ஒன்று உடைக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் போதும். அதிகம் போட்டால் நுரை உள்ளேயே தங்கி அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஃபெல்ட் நனையும் அளவு அடித்து, மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு ஓரிரண்டு மணி நேரம் காயாமல் வையுங்கள். என்சைம் உடனே வேலை செய்யாது, ஈரமும் நேரமும் வேண்டும். பிறகு பச்சைத் தண்ணீர் அடித்து, ஈரம் உறிஞ்சும் வேக்கூம் வைத்து இழுக்க வேண்டும். சாதாரண வீட்டு வேக்கூமில் தண்ணீர் இழுத்தால் மோட்டார் போய்விடும், ஷாக்கும் அடிக்கும். இழுத்த தண்ணீர் தெளிவாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். முதலில் வருவது டிகாக்ஷன் மாதிரி இருக்கும், பார்த்தால் உங்களுக்கே புரியும்.

கடையில் கொடுப்பதென்றால் ஒரே கேள்வி கேளுங்கள்: மேலே ஷாம்பூ மட்டுமா, கார்பெட்டைத் தூக்கி அடியில் கழுவுவீர்களா? பதிலிலேயே கடை எப்படி என்று தெரிந்துவிடும்.

மலை டிரைவர்

குகை அண்ணன் சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். டாஷ்போர்டில் வைக்கிற சென்ட் பாட்டிலை எடுத்துவிடுங்கள். ஊசின பாலோடு மல்லிகை சென்ட் கலந்தால் 20 வளைவும் ஏறி முடிப்பதற்குள் பின் சீட்டில் யாராவது வாந்தி எடுத்துவிடுவார்கள். அப்புறம் அதற்குத் தனியாக ஒரு பதிவு போட வேண்டும். அடுப்புக்கரியைத் துணியில் கட்டி சீட்டுக்கு அடியில் வையுங்கள், செலவே இல்லை. ஆனால் அது கழுவின பிறகு மிச்சம் இருக்கிற வாடைக்குத்தான், கழுவுவதற்குப் பதில் அல்ல.

காபித்தோட்டம்

நான் மலை மேலேயே இருப்பவன். கார்பெட்டை நனைக்கிற வேலையை மேலே வைத்துக்கொள்ளாதீர்கள் என்பதுதான் என் பங்கு. கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம். பனிமூட்டமும் சாரலும் பிடித்துக்கொண்டால் துவைத்த சட்டையே காயாது, ஃபெல்ட் எங்கே காயும்? ஓரிரு நாள் ஈரமாகவே கிடந்தால் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும். எங்கள் வண்டியில் ஏதாவது கொட்டினால் பச்சைத் தண்ணீரில் ஒற்றி எடுத்துவிட்டு, மீதி வேலைக்குச் சேலம் வெயிலைத் தேடித்தான் இறங்குவோம். நீங்கள் கோரிமேட்டில் இருப்பது வசதி. நான்கு கதவையும் திறந்து வைத்து, தூக்கின கார்பெட்டுக்கு அடியில் டேபிள் ஃபேன் காற்று போகிற மாதிரி வையுங்கள். வெறும் வெயிலைவிடக் காற்றோட்டம் முக்கியம்.

கோரிமேடு

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டையைக் கழற்றிப் பார்த்தேன். குகை அண்ணன் நேரில் பார்த்த மாதிரி சொல்லியிருக்கிறீர்கள். நடுவில் ஒன்றுமே இல்லை. டாஷ்போர்டுக்கு அடியில் கார்பெட் மேலே ஏறும் மடிப்பில் ஃபெல்ட் பழுப்பாக, தொட்டால் பிசுபிசுவென்று இருந்தது. தகரத்தில்கூடக் காபி காய்ந்து வளையமாக நின்றது. தகரத்தைத் துணியால் துடைத்தேன். ஃபெல்ட்டுக்கு என்சைம் லிக்விட் அடித்து, தெரிந்தவரிடம் வேக்கூம் வாங்கி இழுத்தேன். தண்ணீர் தெளிந்து வந்தது. ஃபேன் வைத்து நன்றாகக் காய்ந்ததும் பட்டையை மாட்டிவிட்டேன். வாடை முக்கால்வாசி போய்விட்டது.

இப்போது புதுக் குழப்பம். நேற்று ஆத்தூர் போய் வந்தேன். இன்று காலையில் அதே இடத்தில் மறுபடியும் ஈரம்! காபி எதுவும் கொண்டுபோகவில்லை. மழையும் இல்லை. அடியில் இன்னும் காபி தேங்கி நின்று மேலே வருகிறதா?

ஏசி சூரமங்கலம்

தம்பி, அது காபி இல்லை. போகும்போதும் வரும்போதும் ஏசி போட்டிருந்தீர்களா? வெள்ளை டிஷ்யூவை ஈரத்தில் அழுத்தி எடுத்துப் பாருங்கள். நிறமில்லாமல், பிசுபிசுப்பில்லாமல் வெறும் தண்ணீர் என்றால் ஏசி தண்ணீர். பச்சை, சிவப்பு மாதிரி நிறமாக, வழுவழுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் ஹீட்டர் பக்கம் கூலன்ட் (இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவம்) கசிகிறது என்று அர்த்தம். அப்படியிருந்தால் வண்டியை ஓட்டாமல் முதலில் காட்டுங்கள்.

ஏசி ஓடும்போது உள்ளே இருக்கும் காயிலில் காற்றின் ஈரம் தண்ணீராகச் சேரும். அது ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். நம்ம ஊர் வண்டிகளில் காயில் பெட்டி பெரும்பாலும் இடது பக்கம் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும். குழாயில் தூசியும் இலைத் தூளும் சேர்ந்து அடைத்தால் தண்ணீர் பெட்டியிலிருந்து வழிந்து இடது காலடியில்தான் விழும். பாதி அடைப்பு என்றால் சமதரையில் தெரியாது. மலைப்பாதையில் வண்டி சாயும்போது, பிரேக் அடிக்கும்போது, தேங்கினது உள்ளே சிந்தும். உங்கள் ஃபெல்ட் காபி கொட்டுவதற்கு முன்பே ஈரமாக இருந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

சோதிப்பது சுலபம். சமதரையில் நிறுத்தி, ஏசியைப் போட்டுக் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். கீழே குனிந்து பாருங்கள். முன்பக்கம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தால் நல்லது. புழுக்கமான நாளிலும் சொட்டே இல்லை, உள்ளே மட்டும் ஈரம் என்றால் அடைப்புதான். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், குழாயும் கிழியும், காயிலிலும் படலாம். கம்ப்ரசர் காற்றை முழு வேகத்தில் அடித்தாலும் குழாய் உள்பக்கம் கழன்றுவிடும். மெல்லிய பிளாஸ்டிக் ட்யூபை மெதுவாக விட்டு, லேசான காற்றுதான் கொடுக்க வேண்டும். வண்டியைத் தூக்கி வைத்தால் நம்ம ஆட்களுக்குச் சின்ன வேலை. ஜாக்கி மட்டும் வைத்துவிட்டு நீங்கள் அடியில் போகாதீர்கள்.

கோரிமேடு

அண்ணா, டிஷ்யூ வைத்துப் பார்த்தேன், வெறும் தண்ணீர். ஏசி போட்டு நிறுத்தியும் பார்த்தேன், கீழே ஒரு சொட்டுகூட இல்லை. பக்கத்துப் பட்டறையில் லிஃப்டில் ஏற்றிக் காட்டினேன். குழாயின் வாயில் மண்ணும் வேப்பம்பூவும் சேர்ந்து அடை மாதிரி இருந்தது. வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில்தான் நிறுத்துகிறேன். எடுத்ததும் தண்ணீர் சடசடவென்று கொட்டியது, பட்டறைப் பையன் தலையில் பாதி. கார்பெட்டை மறுபடியும் தூக்கிக் காய வைத்திருக்கிறேன்.

இப்போது உட்கார்ந்தால் வாடை இல்லை. ஆனால் ஏசி போட்ட முதல் நிமிடம் மட்டும் லேசாகப் பழைய வாடை வந்து போகிறது. கார்பெட்டை முகர்ந்தால் ஒன்றுமில்லை.

ஏசி சூரமங்கலம்

உள்காற்றையே சுற்றவிடும் பட்டன் போட்டுத்தான் ஓட்டியிருப்பீர்கள். அத்தனை நாள் வாடையும் ஏசி காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரில் ஏறியிருக்கும், தண்ணீர் தேங்கினதால் காயிலிலும் கொஞ்சம் பூஞ்சை இருக்கும். க்ளோவ் பாக்ஸைக் கழற்றினால் பல வண்டிகளில் பின்னாலேயே ஃபில்டர் இருக்கும். கழுவிப் போடாதீர்கள், புதுசு வாங்குங்கள். மாட்டும்போது அதன்மேல் அம்புக்குறி காற்று போகும் திசையில் இருக்கட்டும். அப்புறம் வண்டியை நிறுத்துவதற்குக் கொஞ்ச நேரம் முன்பே ஏசியை அணைத்து ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள், காயில் காய்ந்துவிடும். கார்பெட் முழுக்கக் காய்கிறவரை பட்டையை மாட்ட வேண்டாம், அடியில் ஈரம் நின்றால் தகரம் துரு பிடிக்கும்.

தட்டுவடைசெட்

அந்த எலுமிச்சம்பழத்தை சர்பத் போட்டுக் குடித்துவிட்டேன். என் மச்சான் வண்டியில் பையன் ரோஸ் மில்க் கொட்டியிருக்கிறான், துணி சீட்டில். அதற்கும் இதே வழிதானா?

குகை சீட்கவர்

பாலுக்கு இதே வழிதான். சிவப்புச் சாயம் தனி வேலை, சீட்டு என்ன நிறம், கொட்டி எவ்வளவு நேரம் ஆச்சு என்று சொல்லுங்கள். அதுவரை பச்சைத் தண்ணீரில் ஒற்றிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். பிளீச் பக்கம் போகவே வேண்டாம்.