சீனியர் சொன்ன 'சைட்'

மயூர் விஹார் ஜூனியர்:

ஆளை மாற்றிய ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி நம் குழுவில் எழுதச் சொல்லியிருந்தீர்கள். என் சொல் 'சைட்'. சி, ஐ, டி, ஈ. வீட்டுமனையைச் சொல்கிற 'சைட்' வேறு, கண்பார்வையைச் சொல்கிற 'சைட்' வேறு. காதுக்கு மூன்றும் ஒன்றுதான்.

திருநெல்வேலியில் சட்டம் முடித்து, டெல்லியில் ஒரு தமிழ் சீனியரிடம் சேர்ந்த இரண்டாவது வாரம் அது. உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய எழுத்துவாதம் தயாராகிக்கொண்டிருந்தது. "கேசவானந்த பாரதியை சைட் பண்ணிடும்மா" என்றார். ராத்திரி முழுக்க உட்கார்ந்து அந்த வழக்கின் தீர்ப்பிலிருந்து ஒன்றரைப் பக்கம் எடுத்து எழுதிக்கொண்டு போனேன். அவர் அத்தனையையும் பென்சிலால் அடித்துவிட்டு ஓரத்தில் ஒரே வரி எழுதினார்: ஏ.ஐ.ஆர். 1973 எஸ்.சி. 1461.

"நான் கோட் பண்ணச் சொல்லலைம்மா. சைட் பண்ணச் சொன்னேன்."

வித்தியாசம் அன்றைக்குத்தான் புரிந்தது. 'கோட்' என்றால் அவர்கள் சொன்ன சொற்களையே எடுத்து வைப்பது. 'சைட்' என்றால் சான்று எங்கே இருக்கிறது என்று சுட்டுவது. அந்த ஒரு வரியில் தீர்ப்புத் தொகுப்பின் பெயர் (ஏ.ஐ.ஆர்., அதாவது ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்), ஆண்டு, நீதிமன்றம் (எஸ்.சி., அதாவது உச்ச நீதிமன்றம்), தொடங்கும் பக்கம் எல்லாம் இருக்கின்றன. 13 நீதிபதிகள் உட்கார்ந்து, 7-க்கு 6 என்று பிரிந்து சொன்ன தீர்ப்பு அது. அதை இந்த ஒரு வரியைக் கொண்டு எந்த நூலகத்திலும் எடுத்துவிடலாம்.

அடுத்த வருடம் நடந்ததுதான் இன்னும் வலிக்கிறது. வேறொரு வழக்கில் ஒரு தீர்ப்பை நானே தேடிப் பிடித்து, அழகான ஒரு வாக்கியத்தோடு குறிப்பில் சேர்த்திருந்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "இது எந்தப் பத்தியில் இருக்கிறது?" என்று கேட்டார். சீனியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் புத்தகத்தைப் புரட்டுகிறேன், புரட்டுகிறேன், எந்தப் பத்தியிலும் இல்லை. தீர்ப்புக்கு மேலே சிறிய எழுத்தில் 'ஹெட்நோட்' என்று ஒரு சுருக்கம் போடுவார்களே, அங்கே இருந்த வாக்கியம் அது. அதை எழுதியவர் நீதிபதி அல்ல, தொகுப்பின் ஆசிரியர் குழு. தொகுப்பாளரின் வாக்கியத்தை நீதிபதியின் வாயில் வைத்துவிட்டேன். சீனியர் மன்னிப்புக் கேட்டு அதைத் திரும்பப் பெற்றார். வெளியே வந்து என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அப்போதிருந்து பத்தி எண்ணைக் கண்ணால் பார்க்காமல் எதையும் சைட் பண்ணுவதில்லை.

ஆர்.கே. புரம் பெரியவர்:

படித்து மனசு கனத்துவிட்டது அம்மா. நான் மத்திய அரசில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு இந்தச் சொல் வேறு முகம் காட்டியது. வீரதீர விருது கொடுக்கும்போது குடியரசுத் தலைவர் மாளிகையில் ஒருவர் படிப்பாரே, இன்ன இடத்தில் இன்னது செய்தார் என்று, அதற்கும் 'சைட்டேஷன்' என்றுதான் பெயர். அமெரிக்காவில் இருக்கும் என் மருமகனுக்கு வேகமாகக் கார் ஓட்டியதற்குப் போலீஸ் கொடுத்த சீட்டும் 'சைட்டேஷன்'. பாராட்டுக்கும் தண்டத்துக்கும் எப்படி ஒரே சொல் என்று அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் அதன் வேருக்கு 'கிளப்பு', 'அழை' என்று பொருள். ஆங்கிலத்திலும் முதலில் நீதிமன்றத்துக்கு ஆளை அழைப்பதைத்தான் குறித்திருக்கிறது. விருது வாங்கவும் அழைக்கிறார்கள், பதில் சொல்லவும் அழைக்கிறார்கள். நீங்கள் தீர்ப்பைச் சாட்சிக்கு அழைக்கிறீர்கள்.

தமிழில் இந்த வழக்கம் புதிது இல்லை. தொல்காப்பியர் வரிக்கு வரி 'என்ப', 'என்மனார் புலவர்' என்கிறார். முன்னோர் சொன்னது என்று ஒப்புக்கொண்டுதான் பேசுகிறார். அந்த ஒரு சொல்லில் எவ்வளவு மரியாதை!

முனிர்கா மாணவன்:

அக்கா, 'மேற்கோள் காட்டு' என்று இதைத் தமிழில் எழுதலாமா? ஆய்வேட்டில் நான் அப்படித்தான் போடுகிறேன். அப்புறம் இன்னொன்று. ஒரு கட்டுரையை நான் படிக்கவில்லை, ஆனால் நான் படித்த புத்தகம் அதைக் காட்டுகிறது. அதை என் பட்டியலில் சேர்க்கலாமா? கூடப் படிப்பவர்கள் எல்லாரும் சேர்க்கிறார்கள்.

மயூர் விஹார் ஜூனியர்:

ஐயா, 'சாட்சிக்கு அழைப்பது' என்பதை என் டைரியில் எழுதி வைத்துக்கொண்டேன்.

தம்பி, 'மேற்கோள் காட்டு' என்றால் சொற்களையே எடுத்துத் தருகிறாய் என்றுதான் படிப்பவர் நினைப்பார். இடத்தை மட்டும் சொல்கிறாய் என்றால் 'சுட்டு' போதும், வாதத்துக்குத் துணை என்றால் 'சான்று காட்டு'. செய்தித்தாளில் 'உடல்நிலையைக் காரணம் காட்டி விலகினார்' என்று வருகிறதே, அங்கேயும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். அங்கே 'மேற்கோள்' என்று போட்டால் அர்த்தமே கெட்டுவிடும். ஒரே தமிழ்ச் சொல்லை எல்லா இடத்திலும் ஒட்டாதே.

படிக்காத கட்டுரையைச் சேர்க்காதே. முதலில் மூலத்தைத் தேடு. கிடைக்கவே இல்லையென்றால், இன்னார் நூலில் சுட்டப்பட்டது என்று நீ படித்த புத்தகத்தையே காட்டு. நாளைக்கு வாய்மொழித் தேர்வில் யாராவது "எந்தப் பக்கம்?" என்று கேட்டால் என்னைப் போல நிற்காதே.

சரி, கிளம்புகிறேன். காலை 10.30-க்குக் கோர்ட். இன்னும் மூன்று தீர்ப்புகளுக்குப் பத்தி எண் பார்க்கவில்லை.