கால் ரத்தக்குழாய் அடைப்புக்கு நெஞ்சு ஸ்கேன் எதற்கு?

திண்டுக்கல் மகள்:
அப்பாவுக்கு வயது 61. இளவட்டத்திலிருந்தே பீடி. தெருமுனை வரை நடந்தாலே கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. ரத்தக்குழாய் அடைப்பு என்ற டாக்டர், நெஞ்சுக்கும் ஸ்கேன் எழுதிவிட்டார். காலுக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம்? பயமாக இருக்கிறது.

வார்டு நர்ஸ்:
சம்பந்தம் பீடிதான்மா. அந்தப் புகை ரத்தக்குழாயின் உட்சுவரைக் கெடுத்துக் கொழுப்பு படிய வைக்கும். அதுவே செல்லின் டிஎன்ஏவையும் சிதைக்கும். நுரையீரல் மட்டுமில்லை, சிறுநீர்ப்பையிலும் புற்றுநோய் வரலாம். சிறுநீரில் ரத்தம் தெரிகிறதா என்று கேளுங்கள். அப்பா கூச்சப்பட்டுச் சொல்லாமல் இருப்பார்.

மதுரை அண்ணன்:
பீடியை விட்டால் மாரடைப்பு ஆபத்து 1 வருடத்தில் ஏறக்குறைய பாதியாகும், தங்கச்சி. நுரையீரல் புற்றுநோய்க்கு அதே அளவு குறைய 10 வருடம் ஆகும்.

திண்டுக்கல் மகள்:
அப்போ நடக்கவே கூடாதா?

வார்டு நர்ஸ்:
நடக்கணும்மா. வலித்தால் நின்று, அடங்கியதும் மறுபடி நடக்கட்டும். டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.