ஜெபமாலை ஒளிர்ந்தால் கதை அணைந்துவிடுகிறதே, என்ன செய்வது?

முத்துக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். எட்டு மாதமாக ஒரு நாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பதிமூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கான மாயக் கதை. கடலுக்கடியில் ஒரு ராஜ்ஜியம், உப்பைத் தின்று வளரும் ஒரு பாம்பு, அதைத் தேடிப் போகும் ஒரு பையன். அவன் கையில் பாட்டி கொடுத்த ஜெபமாலை. ஆபத்து வந்தால் மணிகள் ஒளிரும், பாம்பு பின்வாங்கும். நடுநடுவே ஒரு முதிய துறவி வந்து புத்தி சொல்வார்.

பங்கில் ஞாயிறுதோறும் மறைக்கல்வி எடுப்பவள் நான். விசுவாசம் இல்லாமல் எழுத எனக்கு வராது, எழுதவும் விருப்பமில்லை.

மே விடுமுறைக்கு அண்ணன் மகள் வந்திருந்தாள், எட்டாம் வகுப்பு. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன், 212 பக்கம். 90ஆம் பக்கத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகி மூடிவிட்டாள். ஏன் என்று கேட்டால், "அத்தை, மணி எரிஞ்சா அவன் ஜெயிச்சிடுவான்னு மூணாவது தடவையே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் நான் எதுக்குப் பயப்படணும்? அந்தத் தாத்தா வாயைத் திறந்தா பூசைல உக்காந்திருக்கற மாதிரியே இருக்கு" என்கிறாள்.

இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. இந்தப் பக்கம் பங்கில் ஒரு அக்கா, "மந்திரம், மாயம் எல்லாம் பாவமாச்சே, நீ எதுக்கு எழுதற?" என்று கேட்கிறார். விசுவாசத்தை எடுத்துவிட்டு வெறும் சாகசமாக எழுதிவிடவா? இல்லை, வேறு வழி இருக்கிறதா?

மறைக்கல்வி மாமா:
அம்மா, கதையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஜெபமாலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1992இல் வந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2111ஆம் எண்ணை எடுத்துப் பாருங்கள். உள்ளத்தில் இருக்கவேண்டியதை விட்டுவிட்டு, செபத்தின் வெளிச்செயலுக்கே பலன் உண்டு என்று நம்பினால் அது மூடநம்பிக்கை என்று இருக்கிறது. உங்கள் பையன் கையில் இருப்பது ஜெபமாலையா, தாயத்தா? பாம்பைப் பற்றி அந்த அக்கா கவலைப்பட வேண்டியதில்லை. மணியைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

முத்துக்கரை:
மாமா, சுருக்கென்று இருக்கிறது. ஆனால் சரிதான்.

பழைய விடுதிக்காரன்:
அக்கா, நீங்கள் கேட்கும் கேள்விக்கு முன்பே விடை எழுதிவைத்துவிட்டுப் போன ஆள் டோல்கீன், லார்ட் ஆஃப் த ரிங்ஸ் என்ற மாயக் கதையை எழுதியவர். அவர் கத்தோலிக்கர், அதுவும் சும்மா பெயருக்கு இல்லை. 1900இல் அவர் அம்மா கத்தோலிக்கத்துக்கு மாறியதும் உறவினர்கள் பண உதவியை நிறுத்திவிட்டார்கள். 1904இல் அம்மா சர்க்கரை நோயில் இறந்தபோது பையனுக்குப் பன்னிரண்டு வயது. அப்புறம் அவருக்கும் தம்பிக்கும் காப்பாளராக இருந்தவர் பர்மிங்காமில் ஒரு பாதிரியார். அம்மாவை ஒரு வேதசாட்சியாகவே கடைசிவரை நினைத்தவர் டோல்கீன்.

அப்படிப்பட்டவர் எழுதிய லார்ட் ஆஃப் த ரிங்ஸில் கோயில் உண்டா? சாமியார் உண்டா? சிலுவை? ஒன்றும் கிடையாது. 1953இல் சேசுசபையைச் சேர்ந்த ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இது அடிப்படையில் சமயநூல், கத்தோலிக்க நூல். முதலில் தெரியாமல் அப்படி வந்தது, திருத்தும்போது தெரிந்தே செய்தேன் என்கிறார். சமயச் சடங்குகளை வேண்டுமென்றே விட்டுவிட்டாராம், கதைக்குள்ளேயே அது கரைந்துகிடக்கிறது என்பதற்காக.

என்னை அசைத்துப்போட்டது அந்தத் திருத்துகிற விஷயம்தான். 1937இல் அவருடைய முந்தைய கதை ஹாபிட் வந்தபோது கொல்லம் (ஊர் இல்லை, குகையில் இருக்கும் ஆள்) இவ்வளவு கொடியவன் கிடையாது. விடுகதைப் போட்டியில் தோற்றால் மோதிரத்தைப் பரிசாகத் தருவதாகச் சொன்னவன். தேடிப் பார்த்தால் காணோம், அது ஏற்கெனவே கதாநாயகன் பில்போவின் பையில். பில்போவிடம் மன்னிப்புக் கேட்டு, வெளியே போக வழி காட்டுகிறான். 1951 பதிப்பில் அந்த அதிகாரத்தை மாற்றி எழுதினார். இப்போது கொல்லம் கொல்ல வருகிறான். பில்போ மோதிரம் போட்டு மறைந்து நிற்கிறான், கையில் வாள், எதிரே ஆயுதமில்லாத எதிரி. குத்திவிட்டுப் போய்விடலாம். அந்த ஒரு நிமிடம் அவனுக்கு இரக்கம் வருகிறது. குத்தாமல் தாண்டிக் குதித்து ஓடுகிறான்.

பிறகு வந்த லார்ட் ஆஃப் த ரிங்ஸே அந்த இரக்கத்தில்தான் தொங்குகிறது. அதில் அந்தத் தீய மோதிரத்தை எரிமலையில் எறிந்து அழிக்கவேண்டிய பொறுப்பு பில்போவின் வாரிசு ஃப்ரோடோவுக்கு. கடைசியில் எரிமலை விளிம்பில் ஃப்ரோடோ தோற்றுப்போகிறான், அக்கா. இதைப் பலர் கவனிப்பதில்லை. மோதிரத்தை எறியமாட்டேன், இது என்னுடையது என்று மாட்டிக்கொள்கிறான். அன்று பில்போ விட்டுவிட்ட, இடையில் ஃப்ரோடோவும் அவன் தோழன் சாமும் விட்டுவிட்ட அதே கொல்லம் விரலைக் கடித்துப் பிடுங்கி, கால் தவறி மோதிரத்தோடு விழுகிறான். நாயகனின் பலத்தால் முடியவில்லை. எப்போதோ செய்த இரக்கம் திரும்பி வந்து காப்பாற்றுகிறது. இதைவிடக் கத்தோலிக்கமாக ஒரு முடிவு எனக்குத் தெரியவில்லை, அங்கே ஒரு செபம்கூட இல்லை.

உங்கள் பையன் எங்காவது தோற்கிறானா?

சும்மா வாசகன்:
நான் கிறிஸ்தவன் இல்லை. காலேஜ் முதல் வருடத்தில் மூன்று பாகத்தையும் படித்தேன், மதம் ஒன்றும் கண்ணில் படவில்லை. இப்போது இதையெல்லாம் சொன்னால் ஏமாற்றப்பட்ட மாதிரி இல்லையா? சிங்கம் செத்து உயிரோடு வரும் நார்னியா இதைவிட நேர்மை என்பேன். அதுவும் கத்தோலிக்கக் கதைதானே?

பழைய விடுதிக்காரன்:
இல்லை நண்பரே, நார்னியா எழுதிய லூயிஸ் ஆங்கிலிக்கன் சபைக்காரர். அவரும் டோல்கீனும் நெருங்கிய நண்பர்கள், ஆனால் நார்னியா டோல்கீனுக்குப் பிடிக்கவில்லை. ஏமாற்று என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரக்கம் உங்களுக்குப் புரிந்ததா இல்லையா? அது புரிந்தால் போதும் என்றுதான் அவர் எழுதியிருக்கிறார். தேடுகிறவனுக்கு அடையாளங்களும் உண்டு. பின்னிணைப்பில் தேதி பாருங்கள். மோதிரத்தை அழிக்கக் குழு கிளம்புவது டிசம்பர் 25. மோதிரம் அழிவது மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள், மரியாளிடம் தேவதூதர் இயேசுவின் பிறப்பை அறிவித்ததை நினைக்கும் நாள். எங்கள் வீட்டில் அன்றைக்குப் பாயசம் வைப்பார்கள், அதனால் எனக்குச் சட்டென்று பிடிபட்டது.

சும்மா வாசகன்:
தேதி விஷயம் அருமை. ஏமாற்று என்பதைத் திரும்பப் பெறுகிறேன், பாதி.

அந்தோணியார் தெரு:
லெம்பாஸை யாரும் சொல்லவில்லையே. ரிங்ஸ் கதையில் எல்ஃபுகள் என்ற மாய இனத்தார் இலையில் சுற்றிக் கொடுக்கும் மெல்லிய ரொட்டி. வேறு சாப்பாட்டின் மேல் உள்ள ஏக்கத்தை அது தீர்ப்பதில்லை. ஆனால் வேறு உணவு கலக்காமல் அதை மட்டும் நம்பி நடக்க நடக்க மனத்துக்குப் பலம் தருகிறது.

என் அம்மாச்சி கடைசியாகப் படுத்திருந்தபோது சாமியார் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொண்டுவந்தார். மூன்று நாளாகக் கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. அப்பத்தைக் கிள்ளி, நகத்தின் அளவு, கரண்டித் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தார். விழுங்கிவிட்டு அம்மாச்சி கண்ணைத் திறந்து, "வந்தவங்களுக்குக் காப்பி போட்டீங்களா?" என்று கேட்டது. விடுதியில் அந்த ரொட்டிப் பகுதியைப் படித்தபோது எனக்கு அந்தக் கரண்டிதான் ஞாபகம் வந்தது. ஒளியெல்லாம் ஒன்றும் வரவில்லை.

முத்துக்கரை:
எல்லாருக்கும் நன்றி. பத்து நாளாக இங்கே வராததற்குக் காரணம், துறவியை வெட்டிக்கொண்டிருந்தேன். மொத்தம் 31 பக்கம் போச்சு. ஒரே ஒரு இடத்தில் விட்டிருக்கிறேன், அங்கேயும் பேசமாட்டார், பையனுக்கு மீன் சுட்டுக் கொடுப்பார். அந்த ரிங்ஸ் கதையில் ஃபாராமிர் என்ற வீரனின் ஆட்கள் சாப்பிடும் முன் ஒரு கணம் மேற்கே பார்த்துப் பேசாமல் நிற்பார்கள், ஃப்ரோடோவுக்குத் தான் ஏதோ பட்டிக்காட்டான் மாதிரிக் கூச்சமாக இருக்கும். நூலகத்திலிருந்து எடுத்துவந்து படித்தேன். மீன் சுடும் இடத்துக்கு அதைத்தான் மனத்தில் வைத்துக்கொண்டேன்.

ஜெபமாலை இருக்கிறது. ஒளிராது. 40ஆம் பக்கத்தில் நூல் அறுந்து மூன்று மணிகள் கடலில் போய்விடுகின்றன. அவன் அந்த மூன்றையும் விரலில் எண்ணி ஒப்பேற்றுகிறான். சில இரவு பாதியிலேயே தூங்கியும் போகிறான். பங்கு அக்காவுக்கும் 2111ஐக் காட்டினேன், படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

பாம்பைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவன் தோற்கவேண்டும், அது முடிவாகிவிட்டது. ஆனால் முன்பு எங்கேயோ அவன் யாரையாவது சும்மா விட்டிருக்கவேண்டுமே, அப்படி ஒரு ஆளே என் கதையில் இல்லை. முதல் அதிகாரத்தில் வலை திருடும் ஒரு பையன் வருகிறான், இரண்டே வரி. அவனை வைத்துப் பார்க்கலாமா? அண்ணன் மகள் அடுத்த மாதம் வருகிறாள். பஸ் டிக்கெட்டை அதே 90இல் வைத்திருக்கிறேன்.