அமெரிக்க மதவாத அரசியலின் பிறப்பு: கருக்கலைப்பா, பள்ளிக்கூடமா?

தாமரைக்கனி:
அமெரிக்காவில் வெள்ளையர்களின் சுவிசேஷ (எவாஞ்சலிக்கல்) சபைகள் ஏன் வலதுசாரி அரசியலோடு இப்படி ஒட்டிக்கொண்டன என்று கேட்டால் எல்லோரும் ஒரே கதையைச் சொல்கிறார்கள். 1973-ல் ரோ எதிர் வேட் தீர்ப்பு கருக்கலைப்பை அனுமதித்தது, பக்தர்கள் கொதித்தெழுந்தார்கள், 1979-ல் போதகர் ஜெர்ரி ஃபால்வெல் 'மாரல் மெஜாரிட்டி' என்ற அரசியல் அமைப்பைத் தொடங்கினார், அடுத்த ஆண்டு ஜனாதிபதி தேர்தலில் குடியரசுக் கட்சியின் ரீகன் ஜெயித்தார். அப்படியானால் நடுவில் ஆறு வருடம் கொதிப்பு எங்கே போனது? நாட்டின் மிகப் பெரிய புராட்டஸ்டன்ட் அமைப்பான தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு, தீர்ப்புக்கு முன்பே 1971-ல், பாலியல் வன்கொடுமை, கருவின் கடுமையான குறைபாடு, தாயின் உடல் அல்லது மனநலப் பாதிப்பு போன்ற நிலைகளில் கருக்கலைப்புக்கு இடமளிக்கும் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1974-ல் அதை உறுதியும் செய்தது.

இவர்களை உசுப்பியது வரி. நீதிமன்றங்கள் அரசுப் பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழிக்க ஒழிக்க, தெற்கில் வெள்ளைக் குழந்தைகளுக்கு மட்டுமான தனியார் பள்ளிகள் முளைத்தன. பெரும்பாலும் கிறிஸ்தவப் பெயர்ப் பலகையோடு. 1970-ல் வருமானவரித் துறை, இனப் பாகுபாடு காட்டும் பள்ளிக்கு வரிவிலக்கு கிடையாது என்றது. தென் கரோலைனாவின் கிறிஸ்தவக் கல்வி நிறுவனமான பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் 1971 வரை கறுப்பின மாணவர்களையே சேர்க்கவில்லை. அப்புறம் சேர்த்தது, ஆனால் வேற்று இனத்தவரோடு காதலோ கல்யாணமோ கூடாது என்று விதி வைத்தது. 1976 ஜனவரியில் அதன் வரிவிலக்கு பறிபோனது. 1978-ல் வரித்துறை இதே வரிவிலக்கு விதியை எல்லாத் தனியார் பள்ளிகள் மீதும் இறுக்க முயன்றபோதுதான் சபைகளிலிருந்து கடிதங்கள் மலையாகக் குவிந்தன. வலதுசாரி அமைப்பாளர் பால் வைரிச்சே பிற்பாடு இதை ஒப்புக்கொண்டார்.

கரிசல்காட்டான்:
பர்ஸில் கை வைத்தால் எல்லா ஊரிலும் சாமி வரும்.

ஜோயல்:
தாமரைக்கனி, இந்த வாதம் கல்லூரி வட்டாரங்களில் பிரபலம் என்று தெரியும். ஒரு அமைப்பாளர் பல வருடம் கழித்துச் சொன்னதை வைத்து லட்சக்கணக்கான ஆட்களின் மனதை எழுதிவிட முடியாது. 1978-ல் அயோவாவில் கருக்கலைப்பு உரிமையை ஆதரித்த ஜனநாயகக் கட்சி செனட்டர் டிக் கிளார்க் தோற்றது எப்படி? தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு, சர்ச் வாகன நிறுத்தங்களில் நின்ற கார்களில் கருக்கலைப்புக்கு எதிரான துண்டறிக்கைகளைச் செருகினார்கள். அயோவா விவசாயிக்கு பாப் ஜோன்ஸ் வரிவிலக்கைப் பற்றி என்ன கவலை? கத்தோலிக்கர்களோ ரோ தீர்ப்புக்கு முன்பிருந்தே கருக்கலைப்பை எதிர்த்து வந்தவர்கள்.

அதோடு, நீங்கள் எழுதியதைப் படித்தால் பைபிள் கையில் இருந்தவன் எல்லாம் நிறவெறியன் போல இருக்கிறது. பிரிவினைப் பள்ளிகள் செல்லாது என்ற பிரவுன் தீர்ப்பை 1954-ல் ஆதரித்துத் தீர்மானம் போட்டதும் அதே தெற்கு பாப்டிஸ்ட் மாநாடுதான். 1962-ல் நியூ ஆர்லியன்ஸ் பேராயர் ஜோசப் ரம்மல், கத்தோலிக்கப் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளைச் சேர்க்க விடாமல் கலகம் செய்த மூன்று பேரைச் சபையை விட்டே விலக்கினார். அதில் ஒருவர் லியாண்டர் பெரெஸ். லூசியானாவில் அந்தப் பெயரைக் கேட்டு நடுங்காத அரசியல்வாதி கிடையாது. மார்ட்டின் லூதர் கிங், அபர்நாதி, ஷட்டில்ஸ்வர்த், எல்லோரும் பாஸ்டர்கள். மதத்தை எடுத்துவிட்டால் உங்களுக்கு சிவில் உரிமை இயக்கமே இல்லை.

தாமரைக்கனி:
கிங் பாஸ்டர்தான். 1963-ல் பர்மிங்காம் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதம் யாருக்கு என்றும் சொல்லிவிடுங்கள். நிறவெறிக் கும்பலுக்கு எழுதவில்லை. "இப்போது வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்" என்ற தொனியில் அறிக்கை விட்ட எட்டு வெள்ளை மதகுருமார்களுக்கு எழுதினார். பாப்டிஸ்ட், மெதடிஸ்ட், கத்தோலிக்கர், யூத ரப்பி, எல்லோரும் அதில் இருந்தார்கள். மிதவாதிகள்! அதே ஆண்டு செப்டம்பரில் அதே ஊரில் 16-வது தெரு பாப்டிஸ்ட் சர்ச்சில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்கள்.

1954 தீர்மானம் காகிதத்தில் இருந்தது. பாப்டிஸ்ட் சபைகளில் ஒவ்வொரு சபையும் தன் இஷ்டப்படி நடக்கும், மாநாடு யாரையும் கட்டுப்படுத்தாது. இது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். டல்லாஸ் பெரிய சபையின் பாஸ்டர் கிரிஸ்வெல் 1956-ல் தென் கரோலைனா சட்டமன்றத்துக்கே போய்ப் பிரிவினையை ஆதரித்துப் பேசினார். 1968-ல்தான் மாற்றிக்கொண்டார். ஃபால்வெல்? 1965-ல் கிங்கைப் போன்றவர்களைச் சாடி, போதகர்களுக்கு அரசியல் வேலை இல்லை, ஆத்துமாக்களை ஆதாயம் செய்வதே வேலை என்று பிரசங்கம் செய்தவர். 1967-ல் அவர் திறந்த லிஞ்ச்பர்க் பள்ளியை உள்ளூர்ப் பத்திரிகை 'வெள்ளை மாணவர்களுக்கான தனியார் பள்ளி' என்றே எழுதியது. பன்னிரண்டு வருடம் கழித்து அவருக்கே அரசியல் வேலை வந்துவிட்டது.

நான் இருப்பது வர்ஜீனியா. இங்கே பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி என்று ஒன்று உண்டு. கறுப்பினக் குழந்தைகளோடு சேர்ந்து படிக்கக்கூடாது என்பதற்காக 1959 முதல் 1964 வரை எல்லா அரசுப் பள்ளிகளையும் மூடிவிட்டார்கள். வெள்ளைக் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளி தயாராக இருந்தது. கறுப்பினக் குழந்தைகளில் பலர் ஐந்து வருடம் பள்ளி வாசலையே பார்க்கவில்லை. ஒரு தலைமுறையின் படிப்பு போனது, ஜோயல். ஊரில் சர்ச்சுக்குப் பஞ்சமில்லை.

மீனாட்சி:
ரெண்டு பேரும் கறுப்பு வெள்ளையை மட்டும் பேசுகிறீர்கள். கத்தோலிக்கர்களை இன்று இந்த வெள்ளைப் புராட்டஸ்டன்ட்கள் கூட்டாளிகளாகக் கட்டிப்பிடிக்கிறார்களே, நேற்று வரை அவர்களை என்ன செய்தார்கள்? 1844-ல் ஃபிலடெல்ஃபியாவில், பள்ளியில் எந்த பைபிளைப் படிப்பது என்ற சண்டையும் ஐரிஷ்காரர்கள் மேலிருந்த வெறுப்பும் சேர்ந்து கலவரமாகி, கத்தோலிக்கத் தேவாலயங்களையே எரித்தார்கள். 1928-ல் கத்தோலிக்கரான அல் ஸ்மித் ஜனாதிபதி பதவிக்கு நின்றபோது, ஜெயித்தால் போப் வந்து வெள்ளை மாளிகையில் உட்கார்ந்துவிடுவார் என்று பிரசாரம். 1960-ல் இன்னொரு கத்தோலிக்கரான கென்னடி எங்கள் ஹூஸ்டனுக்கு வந்து, புராட்டஸ்டன்ட் போதகர்கள் முன்னால் நின்று, போப் சொல்படி ஆட்சி நடத்த மாட்டேன் என்று கிட்டத்தட்ட சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. இருபது வருடத்தில் அந்தப் பகை காணாமல் போய்விட்டது. வேதமா மாறியது? ஓட்டுக் கணக்கு மாறியது.

இப்போது எங்கள் முறை. ஹூஸ்டன் பக்கத்து ஷுகர்லேண்ட் அஷ்டலட்சுமி கோயிலில் 2024-ல் 90 அடி அனுமன் சிலை வைத்தார்கள். அடுத்த ஆண்டு, செனட்டுக்குப் போட்டியிட்ட குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர், இது கிறிஸ்தவ நாடு, இந்தப் பொய்த் தெய்வத்தின் பொய்ச் சிலைக்கு டெக்சாஸில் என்ன வேலை என்று பகிரங்கமாக எழுதினார். அந்தக் கோயிலுக்குப் போகிறவர்களில் நிறையப் பேர் அதே கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் என்பது தனிக் கூத்து.

ஜோயல்:
மீனாட்சி அக்கா, அந்த ஆள் எழுதியது அசிங்கம். என் சபையில் ஒருவரும் அதை ஏற்க மாட்டார்கள். ஆனால் அந்தச் சிலை நின்றுகொண்டுதானே இருக்கிறது? மதச் சுதந்திரம் தரும் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அப்படி. அதை எழுத வைத்ததில் அன்று வர்ஜீனியாவில் சிறைக்குப் போன பாப்டிஸ்ட் போதகர்களுக்கும் பங்கு உண்டு.

நம் ஆட்களின் சகிப்புத்தன்மையையும் கொஞ்சம் பேசலாமா? 2023-ல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. கலிபோர்னியாவிலும் அதே மாதிரி மசோதா வந்தபோது எதிர்த்துக் கொடி பிடித்தவர்கள் யார்? இந்து அமைப்புகள். கடைசியில் ஆளுநர் நியூசம் கையெழுத்துப் போடவில்லை.

மீனாட்சி:
அந்த மசோதாவை ஆதரித்தவள் நான். அதை வேறு யாரிடமாவது போய்க் கேளுங்கள் தம்பி.

கரிசல்காட்டான்:
அனுமன் ஒருபக்கம் இருக்கட்டும். ரீகன் பாப் ஜோன்ஸ் விஷயத்தில் என்ன செய்தார்?

தாமரைக்கனி:
1980 ஆகஸ்டில் டல்லாஸில் ஆயிரக்கணக்கான போதகர்கள் கூடிய அரங்கில், நீங்கள் என்னை ஆதரிக்க முடியாது என்று தெரியும், நான் உங்களை ஆதரிக்கிறேன் என்று பேசிக் கைதட்டல் வாங்கினார். எதிரே நின்ற ஜிம்மி கார்ட்டர் யார்? ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்த அசல் பாப்டிஸ்ட். இதைவிடப் பெரிய வேடிக்கை, பாப் ஜோன்ஸின் வரிவிலக்கு போனது கார்ட்டருக்கு முந்தைய ஜனாதிபதி ஃபோர்டு ஆட்சியில், பழி விழுந்தது கார்ட்டர் தலையில். 1982 ஜனவரியில் ரீகன் அரசு வரித்துறையின் நிலைப்பாட்டைக் கைவிட்டது. நாடே காறித்துப்பியதும் தடுமாறியது. கடைசியில் அந்த நிலைப்பாட்டுக்காக வாதாட உச்ச நீதிமன்றமே வில்லியம் கோல்மன் என்ற கறுப்பின வழக்கறிஞரை நியமித்தது. 1983-ல் 8-க்கு 1 என்று பல்கலைக்கழகம் தோற்றது. அந்த ஒருவர் ரென்க்விஸ்ட். அவரைத்தான் ரீகன் 1986-ல் தலைமை நீதிபதி ஆக்கினார்.

ஜோயலுக்கு ஒரே கேள்வி. 2016-ல் வெள்ளை சுவிசேஷ சபையினரில் 81 சதவீதம் டிரம்புக்குப் போட்டதாக வாக்குச்சாவடிக் கணிப்பு சொன்னது. கறுப்பின பாப்டிஸ்டுகள் அப்படியே எதிர்ப்பக்கம். பைபிள் ஒன்று, ஞானஸ்நானம் ஒன்று. ஓட்டு மட்டும் ஏன் தோல் நிறத்தைப் பார்த்துப் பிரிகிறது?

ஜோயல்:
2024-ல் லத்தீனோ புராட்டஸ்டன்ட்களில் பெரும்பான்மை டிரம்புக்குப் போட்டார்களே, அவர்கள் தோல் என்ன நிறம்? கறுப்பினச் சபைகளில் கருக்கலைப்பு பற்றித் தயக்கம் உள்ளவர்கள் ஏராளம். அவர்கள் ஓட்டுப் போடும்போது வேறொன்றை முன்னால் வைக்கிறார்கள். அயோவாக்காரர் இதை முன்னால் வைக்கிறார். அவ்வளவுதான். ஃபால்வெல் பாவம் செய்தார் என்பதற்காக, குழந்தை ஒரு உயிர் என்று நம்பும் என் அம்மாவை நிறவெறிக் கணக்கில் எழுதாதீர்கள்.

தாமரைக்கனி:
அம்மாவை யாரும் சொல்லவில்லை. அம்மாவின் நம்பிக்கையை எடுத்து எந்த வண்டியில் பூட்டினார்கள் என்றுதான் சொல்கிறேன்.

கரிசல்காட்டான்:
சரி, பாப் ஜோன்ஸின் அந்தக் காதல் தடை இன்னும் இருக்கிறதா, போய்விட்டதா?

மீனாட்சி:
2000-ல் எடுத்தார்கள். அந்த வருடம் பிப்ரவரியில் ஜார்ஜ் புஷ் பிரசாரத்துக்கு அங்கே போய்ப் பேசிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார், அடுத்த மாதமே விதி போனது.

ஜோயல்:
2008-ல் பழைய இனக் கொள்கைகளுக்காக மன்னிப்பும் கேட்டார்கள். அதையும் எழுதுங்கள்.

தாமரைக்கனி:
எழுதியாயிற்று. 2017-ல் வரிவிலக்கும் திரும்பக் கிடைத்துவிட்டது.