மின்சாரம் போய் வந்த பிறகு அளவு இயந்திரத்தின் சர்வீஸ் தொடங்கிய உடனே நின்றுவிடுகிறது: கோளாறு யூடெவ் விதியிலா, சிஸ்டம்டியிலா?

ராணிப்பேட்டை நிரலர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் உள்ள ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில், முடிந்த தோலின் பரப்பை அளக்கும் இயந்திரத்தோடு இணைத்த சிறிய லினக்ஸ் பெட்டி ஒன்றை நான் பராமரித்து வருகிறேன். தோல் உருளைகளுக்கு இடையே ஓடி மறுபக்கம் வரும்போது, அதன் சதுர அடிக் கணக்கை இயந்திரம் யூஎஸ்பி வழியாக அனுப்பும். பெட்டியில் ஓடும் எங்கள் நிரல் அதை வாங்கிப் பதிவு செய்து, சீட்டு அச்சடித்துக் கொடுக்கும். தோல் விற்பதே சதுர அடிக் கணக்கில்தான் என்பதால், இந்த நிரல் நின்றால் வரிசையில் நிற்கும் அத்தனை பேரின் வேலையும் நின்றுவிடுகிறது.

பெட்டியில் முன்பு டெபியன் 9 இருந்தது, கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 4.9, சிஸ்டம்டி (சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் மேலாளர்) 232. அப்போது ஒரு தொல்லையும் இல்லை. அண்மையில் டெபியன் 12-க்கு மாற்றினோம். இப்போது கர்னல் 6.1, சிஸ்டம்டி 252. இயந்திரத்தோடு விற்பனையாளர் கொடுத்த யூடெவ் (செருகும் சாதனங்களை விதிப்படி கையாளும் லினக்ஸ் பகுதி) விதிக் கோப்பையும் எங்கள் சர்வீஸ் கோப்பையும் ஓர் எழுத்துகூட மாற்றாமல் அப்படியே எடுத்து வைத்தோம்.

காலையில் அளவு இயந்திரத்தை முதலில் போட்டுவிட்டுப் பெட்டியைத் தொடங்கினால் எல்லாம் சரியாக நடக்கிறது. பெட்டிக்கு யூபிஎஸ் உண்டு, இயந்திரத்துக்கு இல்லை. ஆகவே மின்சாரம் போனால் இயந்திரம் மட்டும் அணைந்து, மின்சாரம் வந்ததும் மறுபடி எழும். அப்படி எழும்போதுதான் கோளாறு வருகிறது. ஜர்னலில் சர்வீஸ் தொடங்கியது என்ற வரியும், அதே வினாடியிலேயே அதை நிறுத்துகிறேன் என்ற வரியும் அடுத்தடுத்து விழுகின்றன. நிரலிடமிருந்து பிழைச் செய்தி எதுவும் இல்லை. அதன் பிறகு சிஸ்டம்சிடிஎல் கொண்டு கையால் தொடங்க முயன்றால், 90 வினாடி காத்திருந்துவிட்டு, சாதனத்துக்காகக் காத்திருந்த நேரம் முடிந்தது என்று சொல்லித் தோற்கிறது. இத்தனைக்கும் எல்எஸ்யூஎஸ்பி பட்டியலில் இயந்திரம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் விதிக் கோப்பு உண்டாக்க வேண்டிய சிம்லிங்க் (சாதனத்தைச் சுட்டும் மாற்றுப் பெயர்) மட்டும் டெவ் அடைவில் இல்லை.

சர்வீஸில் ரீஸ்டார்ட் என்பதை ஆல்வேஸ் என்று வைத்துப் பார்த்தேன், பயனில்லை. இன்னொன்றும் கவனித்தேன். எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே யூடெவ்ஆட்ம் ட்ரிகர் என்ற கட்டளையைக் கொடுத்தால், அப்போதும் சர்வீஸ் நின்றுவிடுகிறது. சர்வீஸ் கோப்பில் பைண்ட்ஸ்டூ (அது போனால் சர்வீஸும் நிற்கும்), ஆஃப்டர் (அது வந்த பிறகே சர்வீஸ் தொடங்கும்) இரண்டும் அந்தச் சாதனத்தின் டிவைஸ் யூனிட்டைச் (சாதனத்துக்கு சிஸ்டம்டி வைத்திருக்கும் பதிவு) சுட்டுகின்றன. விதிக் கோப்பில் இருப்பது ஒரே நீண்ட வரி: ஆக்‌ஷன் ஆட் ஆகவும், சப்சிஸ்டம் யூஎஸ்பி ஆகவும், வெண்டர் எண்ணும் புராடக்ட் எண்ணும் பொருந்துவதாகவும் இருந்தால், சிம்லிங்க் உண்டாக்கு, சிஸ்டம்டி என்ற டேக்கை (அடையாளக் குறியை)ச் சேர், சிஸ்டம்டி வாண்ட்ஸ் (சாதனம் வந்ததும் தொடங்க வேண்டியது) மதிப்பில் எங்கள் சர்வீஸின் பெயரை வை. எங்கே தேடுவது என்று வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

ஆம்பூர் சர்வீஸ்

வணக்கம் நண்பரே. இந்தப் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் நான் பார்த்தவரை, முதலில் சந்தேகப்பட வேண்டியது கம்பியையும் மின்னழுத்தத்தையும்தான். மின்சாரம் திரும்பும் முதல் சில வினாடிகளில் அழுத்தம் ஏறி இறங்கினால், யூஎஸ்பி சாதனம் ஒருமுறை எழுந்து, விழுந்து, மறுபடி எழும். அப்படியானால் டிமெஸ்க் காட்டும் கர்னல் செய்திப் பதிவில் டிஸ்கனெக்ட் என்ற வரி கட்டாயம் இருக்கும். அதைப் பார்த்துச் சொல்லுங்கள். அதோடு, இயந்திரத்தை அணைத்துப் போடும் நேரத்தில் யூடெவ்ஆட்ம் மானிட்டரைத் திறந்து வைத்து, என்னென்ன நிகழ்வுகள் எந்த வரிசையில் வருகின்றன என்றும் குறித்துத் தாருங்கள். அந்த வரிசை கைக்கு வராமல் விதிக் கோப்பையோ சர்வீஸ் கோப்பையோ திருத்துவது இருட்டில் துழாவுவதாகும்.

அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. டிவைஸ் யூனிட்டையே விட்டுவிட்டு, விதியில் ரன் என்பதற்கு எதிரே நிரலின் பாதையைக் கொடுத்துவிடலாம். இயந்திரம் செருகப்பட்டவுடன் யூடெவ் அதை நேரடியாக ஓட்டிவிடும்.

ராணிப்பேட்டை நிரலர்

நன்றி அண்ணா. நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். டிமெஸ்க்கில் இயந்திரம் அணையும்போது வரும் ஒரு டிஸ்கனெக்ட்டைத் தவிர வேறு இல்லை. எழுந்த பிறகு அது விழவே இல்லை. மானிட்டரில் கர்னலிடமிருந்து முதலில் சாதனத்துக்கு ஆட், அடுத்து அதன் இன்டர்ஃபேஸுக்கு ஆட், அதன் பின் சாதனத்துக்கு பைண்ட் என்று மூன்றும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு வருகின்றன. யூடெவ் பக்கமும் அதே வரிசைதான். இந்த பைண்ட் என்பது என்ன? பழைய பெட்டியில் இதே இயந்திரத்தைச் செருகிப் பார்த்தபோது ஆட் மட்டுமே வந்தது.

காட்பாடி கர்னல்

நீங்கள் கடைசியாகக் கேட்டதிலேயே விடை இருக்கிறது. பைண்ட், அன்பைண்ட் என்ற இரண்டு நிகழ்வுகளைக் கர்னல் 4.14 பதிப்பில்தான் சேர்த்தார்கள். ஒரு சாதனத்தோடு டிரைவர் இணைந்து முடிந்ததும் பைண்ட் வரும். பிரியும்போது அன்பைண்ட் வரும். உங்கள் பழைய கர்னல் 4.9 என்பதால் அங்கே அது வர வழியே இல்லை. இன்டர்ஃபேஸுக்குத் தனி டிரைவர் எதுவும் இல்லாமல் நிரல் லிப்யூஎஸ்பி (யூஎஸ்பி சாதனத்தோடு நேராகப் பேச உதவும் நூலகம்) மூலம் பேசினாலும்கூட, முழுச் சாதனத்தோடு கர்னலின் பொதுவான யூஎஸ்பி டிரைவர் இணைகிறது அல்லவா, அதற்கான பைண்ட் வந்தே தீரும். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

இதில் சர்வீஸ் ஏன் நிற்கிறது என்பதைப் பார்ப்போம். ஒரு சாதனத்துக்கு ஒவ்வொரு நிகழ்வு வரும்போதும் யூடெவ் எல்லா விதிகளையும் முதலிலிருந்து ஓட்டி, அந்தச் சாதனத்தைப் பற்றிய தன் குறிப்பைப் புதிதாக எழுதுகிறது. முந்தைய நிகழ்வில் ஒரு விதி சேர்த்த சிம்லிங்க்கையும் மதிப்புகளையும் இந்த நிகழ்வில் எந்த விதியும் மறுபடி சேர்க்காவிட்டால், அவை போய்விடும். உங்கள் விதி ஆட் நிகழ்வுக்கு மட்டும் பொருந்தும்படி எழுதப்பட்டிருக்கிறது. ஆட் வந்தபோது சிம்லிங்க் உண்டானது, சிஸ்டம்டி டேக் விழுந்தது, டிவைஸ் யூனிட் எழுந்தது, சர்வீஸும் தொடங்கியது. அடுத்த நொடிப்பொழுதில் பைண்ட் வந்தது, விதி பொருந்தவில்லை, சிம்லிங்க் நீக்கப்பட்டது, டேக் நடப்பில் இல்லாமல் போனது. டேக் இல்லாத சாதனத்தை சிஸ்டம்டி தன் கணக்கில் இல்லாததாகவே கொள்ளும். டிவைஸ் யூனிட் இறந்ததும், பைண்ட்ஸ்டூ சொல்கிறபடி உங்கள் சர்வீஸை அது நிறுத்தியது. சிஸ்டம்டி தானே முடிவு செய்து நிறுத்திய ஒன்றை ரீஸ்டார்ட் எழுப்பாது. நிரல் தானாக முடிந்தாலோ விழுந்தாலோதான் அது வேலை செய்யும். கையால் தொடங்கும்போது 90 வினாடி நிற்பதற்கும் காரணம் இதுவே: இனி வரவே போகாத டிவைஸ் யூனிட்டுக்காக அது காத்திருக்கிறது.

யூடெவ்ஆட்ம் ட்ரிகர் கொடுத்தபோதும் நின்றது என்றீர்கள். அதை நீங்கள் குறிப்பிட்டது மிகவும் நல்லது. அந்தக் கட்டளை, வேறு எதுவும் சொல்லாவிட்டால், சேஞ்ச் என்ற நிகழ்வையே அனுப்பும். சேஞ்சுக்கும் உங்கள் விதி பொருந்தாது, அதே கதைதான். இயந்திரத்தைத் தொடாமலேயே சர்வீஸ் நின்றது என்றால், கம்பியின் மீதும் மின்னழுத்தத்தின் மீதும் இருந்த சந்தேகம் அதோடு தீர்ந்துவிடுகிறது.

திருத்தம் சிறியது. ஆக்‌ஷன் ஆட் என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள். கோப்பின் முதல் வரியாக, ஆக்‌ஷன்=="ரிமூவ்" என்றால் கடைசியில் உள்ள லேபிளுக்குத் தாவு என்று ஒரு கோடூ (GOTO) வரி வையுங்கள். அதாவது நீக்கம் ஒன்றைத் தவிர, ஆட், சேஞ்ச், பைண்ட் என எது வந்தாலும் விதி ஓடட்டும். சிஸ்டம்டி 247 பதிப்பு 2020 நவம்பரில் வந்தபோது, அதன் வெளியீட்டுக் குறிப்பிலேயே இந்தச் சிக்கலை நீளமாக விளக்கி, விதி எழுதுகிறவர்கள் எல்லோரும் இப்படி மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். ஒருமுறை விழுந்த டேக்குகளையும் இந்த நிகழ்வில் விழுந்த டேக்குகளையும் வேறுபடுத்தி, கரண்ட் டேக்ஸ் என்ற தனி மதிப்பைக் கொண்டுவந்ததும் அந்தப் பதிப்பில்தான். உங்கள் சாதனத்தின் மேல் யூடெவ்ஆட்ம் இன்ஃபோ கொடுத்துப் பாருங்கள். டேக்ஸ் வரியில் சிஸ்டம்டி இருக்கும், கரண்ட் டேக்ஸ் வரியில் இருக்காது. கோளாறு இன்னதுதான் என்பதற்கு அதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

ஆம்பூர் நண்பர் சொன்ன ரன் வழியை மட்டும் தயவுசெய்து எடுக்க வேண்டாம். அது ஒரு நொடியில் முடிந்துவிடும் சிறு வேலைகளுக்கானது. நிகழ்வைக் கையாண்டு முடித்ததும், அதிலிருந்து பிறந்த செயல்கள் எதுவாயினும், பின்னணிக்கு அனுப்பப்பட்டவையாயினும், யூடெவ் கொன்றுவிடும். அதன் கையேட்டுப் பக்கமே இதைச் சொல்கிறது. நாள் முழுவதும் ஓட வேண்டிய நிரலை சிஸ்டம்டி வாண்ட்ஸ் மூலம் தொடங்குவதுதான் முறை. அந்தப் பகுதியை விற்பனையாளர் சரியாகவே எழுதியிருக்கிறார்.

ஆம்பூர் சர்வீஸ்

விளக்கத்துக்கு நன்றி ஐயா. சிறிய ஸ்கிரிப்ட்டுகளுக்கு ரன் போதுமானதாக இருந்ததால், நீண்ட நிரலுக்கும் அது தாங்கும் என்று கருதினேன். ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. காலையில் இயந்திரம் முதலில், பெட்டி பிறகு என்று போட்டால் ஏன் சரியாக இருக்கிறது? அப்போதும் பைண்ட் வந்திருக்க வேண்டுமே?

காட்பாடி கர்னல்

வரும், ஆனால் யூடெவ் அதை உங்கள் விதியோடு சேர்த்துப் பார்க்கும் நேரத்துக்கு முன்பே வந்து போய்விடும். பெட்டி தொடங்கும்போது யூஎஸ்பி டிரைவர் இனிட்ராம்எஃப்எஸ் (தொடக்கத்துக்கான தற்காலிகக் கோப்பு முறைமை) கட்டத்திலேயே ஏறி, ஏற்கெனவே உயிரோடு இருக்கும் இயந்திரத்தைக் கண்டு, ஆட், பைண்ட் இரண்டையும் அனுப்பிவிடுகிறது. மூலக் கோப்பு முறைமைக்கு மாறிய பிறகு, யூடெவ் மறுபடி எழுந்ததும் சிஸ்டம்டி யூடெவ் ட்ரிகர் என்ற சர்வீஸ் ஓடி, இருக்கிற எல்லாச் சாதனங்களுக்கும் செயற்கையாக ஓர் ஆட் நிகழ்வை எழுப்பும். ஆட் மட்டும்தான், அதன் பின்னால் பைண்ட் இல்லை. ஆகவே விதி பொருந்தி, டேக் விழுந்து, அது அப்படியே நிற்கிறது. இயந்திரம் தாமதமாக எழுந்தால், உண்மையான ஆட்டும் அதைத் தொடர்ந்து உண்மையான பைண்ட்டும் இந்தக் கட்டத்துக்குப் பிறகு வருகின்றன. ஒரே பெட்டி ஒரு நாள் சரியாகவும் மறுநாள் கோளாறாகவும் எழும்போது, எந்தச் சாதனம் எந்தக் கட்டத்தில் எழுந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

விதிக் கோப்பின் பெயரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கோப்புகள் எந்த அடைவில் இருந்தாலும் பெயரின் அகர வரிசையில்தான் ஓடும். வெண்டர் எண்ணை யூஎஸ்பி அட்ரிபியூட்டிலிருந்து நேராகப் படிக்காமல் ஐடி வெண்டர் ஐடி என்ற மதிப்பைக் கொண்டு ஒப்பிடுவதாக இருந்தால், அந்த மதிப்பு 50 என்று தொடங்கும் யூடெவ் டீஃபால்ட் கோப்பில்தான் உண்டாகிறது. உங்கள் கோப்பு அதற்குப் பிந்திய எண்ணில் இருக்க வேண்டும்.

ராணிப்பேட்டை நிரலர்

ஐயா, நீங்கள் சொன்னபடி இன்ஃபோவில் பார்த்தேன். டேக்ஸ் வரியில் சிஸ்டம்டி இருந்தது, கரண்ட் டேக்ஸில் இல்லை. விதியைத் திருத்தி, ரூல்ஸை மறுபடி ஏற்றி, பைண்ட் நிகழ்வைக் குறிப்பிட்டு யூடெவ்ஆட்ம் டெஸ்ட் ஓட்டியபோது, சிம்லிங்க்கும் வாண்ட்ஸ் மதிப்பும் இரண்டும் வந்தன. பிறகு உணவு இடைவேளையில் இயந்திரத்தை அணைத்துப் போட்டோம். சர்வீஸ் எழுந்து நின்றது. அடுத்து உள்ளே போன தோலுக்கு முறையாகச் சீட்டும் வந்தது. ட்ரிகர் கொடுத்தாலும் இப்போது அசையவில்லை. இதே விதிக் கோப்பு வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் உள்ள பெட்டிகளில் இருக்கிறது. அவை இன்னும் பழைய டெபியனில்தான் ஓடுகின்றன. மாற்றிய கோப்பை அங்கே இப்போதே வைத்துவிடலாமா? அதோடு, ரிமூவ் ஒன்றை மட்டும் விலக்கியிருக்கிறோமே, அன்பைண்ட் வரும்போதும் விதி ஓடி டேக் தங்கிவிடுமே, அதனால் தீங்கு உண்டா?

காட்பாடி கர்னல்

இப்போதே வைக்கலாம். பழைய கர்னலில் பைண்ட் வராது என்பதைத் தவிர, இந்த விதியின் பொருளில் மாற்றம் ஒன்றும் இல்லை. முன்கூட்டியே வைத்துவிட்டால், பெட்டியைப் புதுப்பிக்கும் நாளில் அங்கே யாரும் நின்று தவிக்க வேண்டியிருக்காது.

அன்பைண்ட்டால் உங்களுக்குத் தீங்கு இல்லை. இயந்திரம் அணையும்போது அன்பைண்ட் வந்து, அதை அடுத்தே ரிமூவ் வந்துவிடும். டிவைஸ் யூனிட் அப்போது முறைப்படி விழும், சர்வீஸும் நிற்கும். அன்பைண்ட்டையும் நீக்கமாகவே கருதி விலக்கும் விதிகளைச் சிலர் எழுதுகிறார்கள். டிரைவர் பிரிந்தால் சாதனத்தால் எந்தப் பயனும் இல்லை என்கிற இடத்தில் அது பொருந்தும். லிப்யூஎஸ்பி மூலம் பேசும் நிரல் சில வேளைகளில் இன்டர்ஃபேஸிலிருந்து கர்னல் டிரைவரைத் தானே கழற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். அந்த அன்பைண்ட் இன்டர்ஃபேஸுக்கு வருவது, முழுச் சாதனத்துக்கு வருவது அல்ல. ஆகவே விதியில் டெவ்டைப் என்பது யூஎஸ்பி டிவைஸ் ஆக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விற்பனையாளருக்கும் திருத்திய கோப்பை அனுப்பி, கர்னல் 4.14, சிஸ்டம்டி 247 என்ற இரண்டு பதிப்பு எண்களையும் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள்.